காரியதரிசியின் இளைப்பாறுதல்

பிரித்தானிய அரசாங்கக் கந்தோர்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து இளைப்பாறிய பெண் காரியதரிசி பெரும்பாலும் மணமாகாதவளாகவே இருந்தாள். முதுகன்னி என்று அவளை நகையாடியோர் பலர். அவளை அந்நிலையில் வைத்த விதியை எழுதியது அரசாங்கமே.

1870களில் ரெமிங்டன் தட்டெழுத்துப் பொறி சந்தைக்கு வந்தது. படித்த பெண்களை ஆணிலும் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தலாம் என்பதைக் கந்தோர்கள் விரைவிற் கண்டுகொண்டன. ஆனால், மணம் முடித்தால் அவள் பதவி துறக்க வேண்டும். ஆறாண்டுச் சேவையேனும் முடித்து விலகியவளுக்கு ‘விவாக உபகாரப் பணம்’ என ஒரு தொகை கொடுத்தனுப்பினர். நம்மவர் இதைச் சீதனம் என்பர். தகப்பனுக்குப் பதிலாக எசமான் கொடுத்தான், அவ்வளவே. பக்கத்து மேசை ஆண் லிகிதருக்கோ விவாகம் எத்தடையும் ஆகவில்லை.

உத்தியோகம் வகிக்கப் பாலோ விவாகமோ தடையாகாது என்று 1919ஆம் ஆண்டுச் சட்டம் பறைசாற்றியது. அரசாங்க சேவைக்கு விலக்களிக்கும் வழியையும் அதே சட்டம் திறந்து வைத்தது! யுத்த காலங்களில் ஆள் பற்றாக்குறை வந்தபோது மட்டும் தடை தளர்ந்தது.

முதுமையிலும் போராட்டமே. ஆலைகளிலும் தனியார் கந்தோர்களிலும் உழைத்துத் தேய்ந்த மணமாகாப் பெண்கள், அரசின் இளைப்பாற்றுச் சம்பளத்துக்கு 65 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1935இல் பிராட்போர்ட் நகரில் புளோரன்ஸ் வைட் அவர்களைச் சங்கமாகத் திரட்டி, 55 வயதிலேயே அது வேண்டுமெனக் கோரினார். 1940இல் பெண்களுக்குரிய வயது 60 ஆயிற்று.

மணத்தடை உள்நாட்டு அரசாங்க சேவையில் 1946இல் நீங்கியது; வெளிநாட்டுச் சேவையில் 1973வரை நீடித்தது.