தேருக்கு அடியில்

தேரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். கலசம், தொம்பை, காற்றில் படபடக்கிற சீலை, முன்னங்கால் தூக்கிப் பாய்கிற மரக்குதிரைகள் இவற்றையெல்லாம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் குனிந்து பார்க்கிறவர்கள் இரண்டே வகை. ஒருவன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். மற்றவன் அந்தத் தேரைப் பூட்டிய தச்சன். ஊர் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் இவர்கள் குனிந்து பார்ப்பதை நம்பித்தான் நிற்கிறது. ஆனாலும் தேரைப் பற்றி எழுதியவர்கள் சிற்பத்தைப் பற்றி எழுதினார்கள். திருவிழாவைப் பற்றி எழுதினார்கள். அச்சைப் பற்றி அதிகமாக யாரும் எழுதவில்லை. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்துவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தஞ்சைச் சீமையில் தேர் என்றால் முதலில் திருவாரூர். ஆழித்தேர் அப்பர் பாட்டிலேயே வருகிறது என்பதால் அந்தப் பெயருக்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குக் குறையாத வயது. இன்று ஓடுகிற தேருக்கு அவ்வளவு வயதில்லை. பழைய தேர் 1926-ல் தீப்பற்றி எரிந்துபோயிற்று. புதுத் தேர் செய்து 1930-ல் ஓடவிட்டார்கள். அது 1948 வரை ஓடி நின்றுவிட்டது. பிறகு இருபத்திரண்டு வருஷம் தேர் ஓடாத ஊராகவே திருவாரூர் இருந்தது. 1970-ல் மறுபடியும் வடம் பிடித்தார்கள்.

அளவைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். மரத்தாலான தேர் மட்டும் 30 அடி. அதற்குமேல் மூங்கிலும் சீலையுமாக 48 அடி. விமானம் 12 அடி, கலசம் 6 அடி. மொத்தம் 96 அடி. அலங்காரம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது எடை சுமார் 300 டன். சக்கரம் நான்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சக்கரத்தின் தலையில் 75 டன். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு முனகிப் போகிற பத்து டன் லாரிகளை ஏழெட்டாக அடுக்கி ஒரே சக்கரத்தின்மேல் வைத்தது போல.

இந்தப் பாரத்தைத் தாங்குகிற பூமி எது? பாறையா, செம்மண்ணா? காவேரி கொண்டுவந்து போட்ட வண்டல். நடவு காலத்தில் முழங்கால் வரை வாங்கிக்கொள்கிற மண் அது. தேர்த் திருவிழாக்கள் பங்குனியிலும் சித்திரையிலும் வருவதற்கு ஆகமக் காரணங்கள் இருக்கலாம். எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. தை மாதத்தோடு சம்பா அறுவடை முடிந்துவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை. மண் காய்ந்து கட்டாந்தரையாக இறுகிக் கிடக்கிறது. குடியானவனுக்கு வேலை இல்லை. கையில் கொஞ்சம் நெல்லும் இருக்கிறது. தேரை இழுக்க ஆளும், தாங்க மண்ணும் ஒரே சமயத்தில் கிடைப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். ஐப்பசி அடைமழையில் இவ்வளவு பெரிய தேரை இழுத்துப் பார்க்கட்டும். நிலைக்கு வந்து சேர்வது சாத்தியமேயில்லை.

ஆள் தானாகவே கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1799-ல் தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் கும்பினியாரின் கைக்குப் போனபோது, கோயில் நிர்வாகமும் மெல்ல மெல்லக் கூடவே போயிற்று. சென்னை மாகாணத்தில் தேர் இழுக்க ஆள் சேர்த்து அனுப்புவது தாசில் உத்தியோகஸ்தர்களின் வேலையாக இருந்த காலம் உண்டு. பக்தியினால் வடம் பிடித்தவர்களோடு உத்தரவுக்குப் பயந்து வடம் பிடித்தவர்களும் இருந்தார்கள். கிறிஸ்தவப் பாதிரிமார்கள் இதை எதிர்த்து எழுதினார்கள். 1833-ல் லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்கள், கோயில் காரியங்களிலிருந்து விலகிக்கொள்ளும்படி எழுதிவிட்டார்கள். 1840-களில் அந்த விலகல் நடந்தது. சர்க்கார் கையை எடுத்ததும், ஆளைத் திரட்டுவது ஊரின் பொறுப்பாயிற்று. ஆயிரக்கணக்கான ஆள் கிடைத்தால் தேர் ஓடும். கிடைக்காவிட்டால் நடுவீதியில் நின்றுவிடும். நிலைக்கு வந்து சேர நாள் கணக்கில் ஆன தேர்களைப் பற்றி இன்றும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லுவார்கள். "தேரை இழுத்துத் தெருவில் விட்டாற்போல" என்று நாம் சொல்கிறோமே, அது சும்மா வந்த பேச்சல்ல.

ஆனால் இழுப்பதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. நிறுத்துவது! 300 டன் ஒருமுறை உருள ஆரம்பித்துவிட்டால் அதற்கு யாரையும் அடையாளம் தெரியாது. திருவாரூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மனுநீதிச் சோழனின் பிள்ளை ஓட்டிய தேரில் கன்று அகப்பட்டது அவர்கள் ஊர் வீதியில்தான். அந்தக் கதைக்குக் கல்லில் தேர் செய்து கோயிலுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். நீதியைப் பற்றிய கதை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தேர்த் தச்சன் படித்தால் பிரேக்கைப் பற்றிய கதை என்று சொல்லியிருப்பான். அந்தத் தேர் சட்டென்று நின்றிருந்தால் பசுவும் மணி அடித்திருக்க வேண்டாம், ராஜாவும் பிள்ளையை இழந்திருக்க வேண்டாம்.

தேருக்குப் பிரேக் வெகுகாலம் வரை முட்டுக்கட்டைதான். சரிவாகச் செதுக்கிய மரத்துண்டு. புளிய மரத்தில் செய்தால் உறுதி. தேரை நிறுத்தவும் அதுதான், திருப்பவும் அதுதான். மாட்டு வண்டியை நுகத்தடியைப் பிடித்துத் திருப்பலாம். மோட்டார் காருக்கு ஸ்டீரிங் இருக்கிறது. தேரின் அச்சு அசையாத அச்சு. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து, அது தயங்குகிற நேரத்தில் மற்றப் பக்கம் முன்னேற, அப்படி அங்குலம் அங்குலமாகத்தான் வீதி முனையில் தேர் முகம் திருப்புகிறது. உருளுகிற சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில், சரியான நொடியில், சரியான கோணத்தில் கட்டையைச் செருகிவிட்டு, கையையும் காலையும் மீட்டுக்கொள்ள வேண்டும். இதைப் பரம்பரையாகச் செய்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் செருகுகிற கட்டையில்தான் அன்றைய திருவிழா நல்லபடியாக முடிகிறதா என்பது இருக்கிறது.

இந்த இடத்தில்தான் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் உள்ளே வருகிறது. 1965-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை. மின்சார நிலையங்களுக்குக் கொதிகலன் செய்வது அதன் தொழில். அந்த எஞ்ஜினீயர்களிடம் ஊர்க்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தது ஆயிரம் வருஷத்துக் கணக்கு ஒன்றை. அவர்கள் திருவாரூர்த் தேருக்கு இரும்பு அச்சும், 9 அடி விட்டமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள இரும்புச் சக்கரங்களும் செய்து பூட்டினார்கள். எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்தார்கள். பின்னாலிருந்து தள்ள புல்டோசர் வந்தது. வீதி முனையில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தேரை வழுக்கித் திருப்புகிறார்கள். நாள் கணக்கில் ஆன காரியம் ஒரே பகலில் முடிகிறது. இதைப் பார்த்து, பழமை போச்சே என்று வருத்தப்படுகிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன். பிரேக் வந்த பிறகு பிழைத்தவர்கள் யார் யார் என்று நமக்குப் பெயர் தெரியாது. அதனால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது.

இருந்தாலும் மாயவரம் பக்கத்துத் தேர்த் தச்சர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "இரும்பு நல்லதுதான் தம்பி. வேண்டாம்கலை. ஆனா மரம் அடியைத் தானே வாங்கி வச்சுக்கும். இரும்பு வச்சுக்காது, மேலே தள்ளிவிட்டுடும். மேலே இருக்கிறது யாரு? மரந்தானே? அதான் சக்கரத்தை மாத்தினா, அச்சு உக்கார்ற உத்தரத்தை முதல்லே பாக்கணும்."

இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மரச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கொஞ்சம் நசுங்கும், கொஞ்சம் முனகும். அதிர்ச்சியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரும்புச் சக்கரம் தார் ரோட்டில் உருளும்போது இரண்டு பக்கமும் கல்நெஞ்சு. அதிர்ச்சி அப்படியே அச்சுக்கு ஏறி, அச்சு உட்கார்ந்திருக்கிற உத்தரத்துக்கு ஏறி, பூதப்பாரின் மூட்டுகளுக்குப் போய்ச் சேருகிறது. சக்கரம் நூறு வருஷம் இருக்கும், மூட்டு விட்டுப்போகும். பலம் கொடுத்த இடத்தில் கேடு வராது. பலம் கொடுக்க மறந்த பக்கத்து இடத்தில்தான் வரும்.

மோட்டார்க் காரிலும் இதே கதைதான். இப்போது சில இளைஞர்கள் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பார்க்க வேகமாக இருக்கிறதாம்! முன்சக்கரத்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள். எர்ல் மக்ஃபெர்சன் என்ற அமெரிக்க எஞ்ஜினீயர் வகுத்த முறையில், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கும். 1950 வாக்கில் இங்கிலீஷ் ஃபோர்டு கார்களில் வந்த இந்த அமைப்புத்தான் இன்று பெரும்பாலான சிறு கார்களின் முன்புறத்தில் இருக்கிறது. அந்தத் தூணின் தலை காரின் உடம்போடு சேருகிற இடத்தில் ரப்பரும் பேரிங்கும் கொண்ட ஒரு தாங்கி உண்டு. ஒர்க்‌ஷாப்பில் அதை மவுண்ட் என்பார்கள். ஸ்பிரிங் குட்டையாகி விறைத்தால், அது விழுங்கிக்கொண்டிருந்த அடி எல்லாம் மவுண்டுக்குப் போகிறது. ரப்பர் கிழிகிறது, பேரிங் கடகடக்கிறது. விவரம் தெரிந்த மெக்கானிக் காரைத் தாழ்த்துவதற்கு முன்னால் மவுண்டை மாற்றச் சொல்லுவான். அவனும் மாயவரத்துத் தச்சரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒரே வித்தையைத்தான் படித்திருக்கிறார்கள்.

தேரையும் தாழ்த்த வேண்டி வந்தது. காரணம் அலங்காரம் அல்ல, மின்சாரம். வீதிக்குக் குறுக்கே கம்பி வந்த பிறகு 96 அடி தேர் எப்படிப் போகும்? திருவாரூரில் அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். பெரிய தேருக்கு அந்த மரியாதை கிடைத்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நூறு வருஷத்துக்குமேல் தேரோட்டமே இல்லை. 2015 சித்திரையில் புதுத் தேர் செய்து ராஜவீதிகளில் ஓட்டினார்கள். ராஜராஜன் 200 அடிக்கு மேல் விமானம் எழுப்பிய கோயிலுக்கு அடக்கமான தேர்தான். இக்காலத்து வீதிக்கு அதுதான் சரி. கிராமத்துத் தேர்களிலும் சப்பரங்களிலும் மேல்பாகத்தை மடக்கி இறக்குகிறாற்போல் செய்கிறார்கள். அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் தேரின் உயரத்தை மட்டும் குறைத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா?

2022 ஏப்ரல் 27 விடியற்காலை. தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழா. தேர் தெருவில் வந்துகொண்டிருந்தபோது அதன் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் போனார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அந்தச் சாலை புதிதாகப் போடப்பட்டு முன்பைவிட உயர்ந்திருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. வருஷா வருஷம் அதே தெருவில் வந்த தேர்தான். கம்பியைத் தாழ்த்தியவர் யாரும் இல்லை. தேரை உயர்த்தியவரும் இல்லை. தரைதான் உயர்ந்தது. உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகத் தரையைச் செதுக்கிச் செப்பனிட்டவர் அப்பர். அவர் விழாவிலேயே இப்படி நடந்ததை என்னென்று சொல்வது?

அதே வாரத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருச்செங்காட்டங்குடியில், சப்பரத்துக்கு முட்டுக்கட்டை போட்ட இளைஞர் ஒருவர் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தார். பெரிய தேர்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சிறிய சப்பரங்களுக்கு இன்னும் மனிதனின் கையும் காலும்தான் பிரேக்.

பழைய தேர்த் தச்சனிடம் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழாவுக்கு முன்னால் தேரை மட்டும் பார்க்கமாட்டான். வீதியை நடந்து பார்ப்பான். எங்கே பள்ளம், எங்கே மேடு, எந்த முனையில் மண் இளகியிருக்கிறது என்று பார்ப்பான். அவனுக்குத் தேரும் தெருவும் ஒரே யந்திரத்தின் இரண்டு பாகங்கள். இன்று தேர் ஒரு இலாகா, தெரு ஒரு இலாகா, கம்பி ஒரு இலாகா. தெரு இலாகா பழைய தாரின்மேல் புதுத் தாரை ஊற்றும்போது, தான் ஊரிலுள்ள தேர்களையெல்லாம் நாலு அங்குலம் உயர்த்துகிறோம் என்று நினைப்பதில்லை. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசு உத்தரவு போட்டிருக்கிறது. வீடுகள் பள்ளமாகிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட உத்தரவு அது. தேருக்கும் அதுவே போதும், நிறைவேற்றினால்.

ஒவ்வொரு ஊரிலும் கொடியேற்றத்தன்று ஒருவர் நீண்ட மூங்கில் கழி ஒன்றில் தேரின் உயரத்தை அடையாளம் செய்துகொண்டு, தேர் போகிற நான்கு வீதிகளிலும் நடந்து வரட்டும். கம்பிக்குக் கீழே போகும்போது மின்சார இலாகாக்காரர் ஒருவரும் கூட இருக்கட்டும். சப்பரத்துக்கு ஒரு சின்ன பிரேக் செய்து கொடுக்க நம் ஊர்ப் பட்டறைகளுக்குத் தெரியாதா என்ன? கேட்டால் செய்து கொடுப்பார்கள். இதற்கெல்லாம் செலவு, வாணவேடிக்கைக்கு ஆகிற செலவுகூட ஆகாது.