பெயர் சொல்லாத சொந்தம்

கணவரைக் குறிக்க ஒரு சொல், மனைவியைக் குறிக்க ஒரு சொல். தினமும் வாயில் வந்து போகும் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? இவற்றில் யாருக்கு எந்த இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது? இந்த வார அரங்கம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

புக்கிட் தெங்காவில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிந்தாலும் சரி, பாலம் கடந்து ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் சரி, திருமணமான தமிழ்ப் பெண் நிரப்ப வேண்டிய பாரத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'சுவாமி' என்று அச்சிட்டிருக்கும். ஆண் நிரப்பும் பாரத்தில் அந்த இடத்தில் 'இஸ்திரி' இருக்கும். மலாய் மொழியில் கணவனுக்கும் மனைவிக்கும் இவைதான் சொற்கள். இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போனவை. சுவாமி என்றால் தலைவன், உடையவன். இஸ்திரி என்றால் பெண், அவ்வளவுதான். ஒருவர் உடையவர், மற்றவர் வெறும் பெண். கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

ஆங்கிலம் மட்டும் வேறா என்று கேட்டால், இல்லை. 'ஹஸ்பெண்ட்' என்ற சொல்லின் வேர் பழைய வடதேச மொழியில் உள்ளது. வீட்டை வைத்து ஆள்பவன் என்பது அதன் பொருள். 'வைஃப்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பெண் என்றுதான் பொருள். இரண்டு மொழிகள், இரண்டு கண்டங்கள். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

வீடு யாருடையது?

தமிழுக்கு வருவோம். பிராமண வீடுகளில் ஆம்படையான் என்பார்கள். அது 'அகமுடையான்' என்பதன் திரிபு. அகம் என்றால் வீடு. ஆத்துக்காரர் என்பதும் அதே வழியில் வந்ததுதான். மற்ற வீடுகளில் வீட்டுக்காரர் என்கிறார்கள். வாடகை வசூலிக்க வருபவரும் வீட்டுக்காரர்தான், கட்டிய கணவரும் வீட்டுக்காரர்தான். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியதுதான்! மனைவியைப் பெண்டாட்டி, பெண்சாதி என்று சொன்னால் அங்கே பெண் மட்டும் இருக்கிறாள், வீடு இல்லை. சம்சாரம் என்ற சொல் இன்னும் வேடிக்கையானது. பிறந்து இறந்து சுழலும் உலக வாழ்க்கைக்குப் பெயராக இருந்தது, குடும்பத்துக்குப் பெயராகி, கடைசியில் வீட்டில் இருக்கும் மனைவிக்குப் பெயராகிவிட்டது.

ஆனால் தமிழில் இதற்கு நேர்மாறான ஒரு வரிசையும் இருக்கிறது. மனையிலிருந்து வந்த சொல் மனைவி. இல்லத்தை உடையவள் இல்லாள். இங்கே வீடு அவள் பக்கம் நிற்கிறது. இல்லாள் என்பதற்கு ஆண்பாலாக 'இல்லான்' என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றும் இல்லாதவன் என்று பொருள் மாறிவிடும். பட்டிமன்ற மேடைகளில் கைதட்டு வாங்கும் செய்தி இது. சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடாத செய்தியும்கூட. மலாய்க்காரர்கள் பேச்சு வழக்கில் மனைவியை 'ஓராங் ரூமா' என்பார்கள். வீட்டு ஆள் என்று பொருள். அதே வீட்டைக் கொண்டு தமிழர் கணவரைச் சொல்கிறார்கள், மலாய்க்காரர் மனைவியைச் சொல்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியம் காதலர் இருவரையும் கிழவன், கிழத்தி என்று சொல்கிறது. வயதானவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கிழமை என்றால் உரிமை. ஒருவர் மீது ஒருவர் உரிமை உடையவர்கள் என்பதே பொருள். உரிமை இருவருக்கும் சமமாகச் சொல்லப்பட்டது என்பது கவனிக்க வேண்டியது. அகப்பாடல்களில் இவர்களுடைய இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்றும் இலக்கணம் விதித்தது. வெற்பன், ஊரன், சேர்ப்பன் என்று நிலத்தைக் கொண்டு தலைவனைச் சொன்னார்கள். பெயரை மறைப்பது அங்கே இருவருக்கும் பொதுவாக இருந்தது.

பெயர் சொன்னால் ஆயுள் குறையுமா?

பிற்காலத்தில் குடும்பங்களில் வேரூன்றிய வழக்கம் அப்படிப்பட்டதல்ல. கணவன் மனைவியைப் பெயர் சொல்லி அழைக்கலாம். மனைவி கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்ற பயம் தாய்க்கும் மகளுக்கும் வழிவழியாக ஊட்டப்பட்டது. ஆகவே 'என்னங்க', 'இந்தாங்க', 'ஏங்க' என்று அழைத்தார்கள். வெளியாரிடம் 'அவுங்க' என்றார்கள். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையின் பெயரோடு 'அப்பா' சேர்ந்தது. பெயர் கேட்கும் அதிகாரி விடாப்பிடியாக நின்றால், பழனியில் இருக்கும் சாமி பெயர், ஆறோடு முகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விடுகதை போட்டுச் சொன்ன பாட்டிமார் எத்தனையோ பேர். அதே பெயர் கொண்ட சாமியைக் கும்பிடும்போதும் சுற்றி வளைத்துக் கும்பிட்டவர்கள் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இது கொஞ்சம் இலகுவாக இருக்கிறது. அங்கே கணவன் மனைவி இருவருமே ஒருவரை ஒருவர் 'என்னப்பா' என்று அழைத்துக்கொள்வார்கள். பிறரிடம் சொல்லும்போது 'மனுசன்', 'மனுசி' என்பார்கள். அதிகாரமும் இல்லை, அடக்கமும் இல்லை. இரண்டு மனிதர்கள், அவ்வளவே.

முறை சொல்லி அழைப்பது இன்னொரு வழி. அத்தை மகனையும் மாமன் மகனையும் கட்டிக்கொள்ளும் வழக்கத்தால் மாமா, மச்சான், அத்தான் எல்லாம் கணவனைக் குறிக்கும் சொற்களாயின. 1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் கண்ணதாசன் எழுதி பி. சுசீலா பாடிய பாடல் ஒன்று 'அத்தான்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. இந்த நாட்டில் மச்சான் 'மச்சா'வாகி, இனம் பார்க்காமல் இளைஞர்கள் தோளில் கைபோட்டு அழைக்கும் சொல்லாகிவிட்டது. பினாங்கின் மாமாக் கடைப் பெயருக்குப் பின்னால் இருப்பதும் நம் மாமாதான். ஒரு மனைவி வெட்கத்தோடு கணவனை அழைத்த சொல் இன்று மீ கோரெங் ஆர்டர் கொடுக்கும் சொல்லாக இருக்கிறது!

லயத்து வீட்டில் வீட்டுக்காரர்

இப்போது புக்கிட் தெங்காவைச் சுற்றிலும் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் அடையாளம் கரும்புத் தோட்டங்கள். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் முதலில் பெருமளவில் வந்து இறங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கங்காணிகள் வழி ஆள் சேர்ப்பது 1938 வரை நீடித்தது. தொடக்கத்தில் ஆண்களே அதிகம் வந்தார்கள். பெண்களின் எண்ணிக்கை மெல்ல மெல்லத்தான் உயர்ந்தது.

அந்தத் தோட்டத்துப் பெண் வீட்டில் அடைந்து கிடந்தவள் அல்ல. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றாள். கிராணி அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். செக்ரோலில் அவள் பெயருக்குத் தனி வரி இருந்தது. 1920-களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்திருந்தார்கள். வேலைக் களத்தில் 10 காசு குறைவு. வீட்டுக்கு வந்தால் பேச்சிலும் ஒரு படி குறைவு. அவள் 'வாங்க, போங்க' என்றாள். அவன் 'வாடி, போடி' என்றான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அவள் யாரை வீட்டுக்காரர் என்று சொன்னாளோ, அவருக்கு வீடே இல்லை. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நடுத்தெருவில் நின்றன. அன்றைக்கும் அவள் அவரை வீட்டுக்காரர் என்றுதான் சொன்னாள். இருவரும் சேர்ந்து உழைத்து ஒரு தரை வீட்டுக்குத் தவணை கட்டிய பிறகும் அந்தச் சொல் மாறவில்லை.

துணை என்று ஒரு சொல்

இந்தக் கணக்கை மாற்றி எழுத ஒரு முயற்சி நடந்தது. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. நாகம்மையாரோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கினார். ஈப்போவில் தமிழர் மாநாட்டைத் தொடக்கி வைத்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. மலாயாவிலும் சீர்திருத்தத் திருமணங்கள் நடக்கத் தொடங்கின.

அந்த மேடைகளில் திருமணம் 'வாழ்க்கை ஒப்பந்தம்' ஆனது. மணமக்கள் 'வாழ்க்கைத் துணைவர்கள்' ஆனார்கள். சொல் புதிதல்ல. திருக்குறளின் ஆறாவது அதிகாரத்துக்கே 'வாழ்க்கைத் துணைநலம்' என்றுதான் பெயர். ஆனால் வள்ளுவர் அதை மனைவியின் சிறப்பைச் சொல்ல வைத்தார். சீர்திருத்தக்காரர்கள் அதை இருவருக்கும் பொதுவாக்கினார்கள். உறுதிமொழி சொல்லும்போது மணமகள் மணமகனின் பெயரை ஊரறியச் சொன்னாள். ஆயுள் குறையும் என்று பயமுறுத்திய அதே பெயரை மாலையும் கழுத்துமாக நின்று ஒலிபெருக்கியில் சொன்னாள் என்றால், அந்த மாற்றம் எவ்வளவு பெரியது! 1967-இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு இத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

சீனாவிலும் இதைப் போல ஒன்று நடந்தது. 1949-க்குப் பிறகு அங்கே கணவன், மனைவி இருவருக்கும் 'ஐரன்' என்ற ஒரே சொல் பரவியது. அன்புக்குரியவர் என்று பொருள். கடல் கடந்த சீனர்களுக்கோ அந்தச் சொல் கள்ளக்காதலைக் குறித்தது. தமிழ்நாட்டில் 'துணைவி'க்கும் இந்த விபத்து நேர்ந்தது. சட்டப்படி மனைவி அல்லாதவரைக் குறிக்கவும் அந்தச் சொல் புழங்கத் தொடங்கியது. இங்கோ 'துணைவியார்' இன்னும் மரியாதைச் சொல்தான். டத்தோக்களின் வருகையை அறிவிக்கும் அழைப்பிதழ்களைப் பாருங்கள்.

சொல் போதுமா?

ஊர் ஒருத்தியை மனைவி என்று சொல்லிவிட்டால் போதுமா? மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியதோடு பல குடும்பங்களில் எல்லாம் முடிந்தது. ஓர் இந்து ஆண் இன்னொரு பெண்ணையும் மணந்துகொள்ள வழக்கம் இடம் கொடுத்தது. பெரிய வீடு, சின்ன வீடு என்ற சொற்கள் சும்மா பிறக்கவில்லை. இங்கும் பாருங்கள், பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் ஒரு வீடு, அதுவும் அளவு சொல்லிப் பிரித்த வீடு. இந்தியாவில் 1955-இலேயே இந்துக்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. இங்கே மேலும் 27 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1982-க்கு முன் முறைப்படி நடந்த திருமணங்களைப் பதிவானவை என்றே சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் நடப்பவை பதிவு செய்யப்பட வேண்டும். இன்றும் தாலி ஏறிவிட்டதே, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. கணவர் உயிரோடு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவர் போன பிறகு சேமநிதிப் பணத்துக்கும் சொக்சோ ஓய்வூதியத்துக்கும் முகப்பில் நிற்கும்போதுதான் கேள்வி வரும்: நீங்கள் அவருக்கு என்ன உறவு? 'அவுங்க என் வீட்டுக்காரர்' என்ற பதில் அங்கே செல்லாது. முப்பது ஆண்டு வாழ்க்கையை நிரூபிக்க அவள் சாட்சி தேடி அலைய வேண்டும்.

மலேசியத் தமிழ்ப் பெண்ணின் அடையாள அட்டையில் அவள் பெயரோடு தந்தை பெயர்தான் இருக்கும். இன்னாரின் மகள் என்ற குறிப்பு திருமணத்துக்குப் பிறகும் மாறாது. அவள் இன்னாரின் மனைவி என்பதைத் திருமணச் சான்றிதழ்தான் தெளிவாகச் சொல்லும். கணவரின் பெயரும் மனைவியின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் இருக்கும் காகிதம் அது.

இன்றைய பிள்ளைகள் பெயர் சொல்லியே அழைத்துக்கொள்கிறார்கள். 'என் ஆளு' என்கிறார்கள், 'ஹஸ்பெண்ட்' என்கிறார்கள், 'பார்ட்னர்' என்கிறார்கள். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கத் தேவையில்லை. பாட்டி 'என்னங்க' என்று அழைத்ததில் அன்பும் இருந்தது, பயமும் இருந்தது. அன்பு மட்டும் மிச்சமிருந்து பயம் போனால் அது நட்டமல்ல. அத்தான் என்று அழைக்க ஆசைப்படுகிறவர் அழைக்கட்டும். பெயர் சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். அழைக்கும் சொல்லை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்களா, ஒருவர் மீது சுமத்தப்பட்டதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

வீட்டில் எப்படி வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் மட்டும் இரண்டு பெயர்களும் இருக்கட்டும். தாலி கட்டி இன்னும் பதிவு செய்யாதவர்கள், அந்த வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.