பொறு என்றால் பொறுக்காத சிப்

பஸ் என்றதும் ஊருக்குப் போகும் பஸ் நினைவுக்கு வரும். மின்னணுவியலில் பஸ் என்பது, சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுவான கம்பித்தடம். அப்படி ஒன்றின் கதைதான் இது.

1982-ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம், டிவி போன்ற சாதனங்களுக்குள் இருக்கும் சிப்புகளை இணைக்க ஐ-ஸ்கொயர்-சி என்ற முறையைக் கொண்டுவந்தது. இரண்டே கம்பிகள். ஒன்றில் தகவல் போகும். மற்றதில் தாளம், அதாவது கிளாக். தாளம் போடுவது தலைமைச் சிப். எதிரில் இருக்கும் சின்ன சிப்புக்கு வேலை முடியவில்லையென்றால், தாளக் கம்பியை விடாமல் தாழ்த்திப் பிடித்துக்கொள்ளலாம். 'சற்றுப் பொறுங்கள்' என்று அர்த்தம். தலைமைச் சிப் காத்திருக்க வேண்டும்.

1995-ல் இன்டெல் இதையொட்டி எஸ்எம்பஸ் என்ற முறையை வகுத்தது. சில கம்ப்யூட்டர்களில் இருந்த சிப்புகளுக்கு அதன் குறிப்பிட்ட கட்டளைகள் மட்டுமே தெரியும். எனவே லினக்ஸில் ஒரு நல்ல வழக்கம் வந்தது: 'உனக்கு என்னென்ன தெரியும்?' என்று புரோகிராம் முதலில் கேட்க வேண்டும். டிரைவர் பட்டியல் தரும். எஸ்எம்பஸ் கட்டளை தெரியாத சிப்பாக இருந்தால், சாதாரண ஐ-ஸ்கொயர்-சி செய்திகளைக் கொண்டு கெர்னலே அதை ஈடுகட்டிவிடும்.

ஆனால் எல்லாக் குறையும் பட்டியலில் தெரிவதில்லை. 2012-ல் வந்த ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் இருந்த பிசிஎம்2835 சிப்பில், 'பொறுங்கள்' என்பதைக் கையாளும் இடத்திலேயே கோளாறு. சின்ன சிப் கம்பியை விடுவிக்கும் நேரம் சற்று இசகுபிசகானால், அடுத்த தாளம் மிகக் குட்டையாக விழும். தகவல் பிசகிவிடும். பிழையோ வன்பொருளில், தேடுகிறவர்களோ தங்கள் புரோகிராமைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிப்பைத் திறந்து திருத்த முடியுமா? இரண்டு மாற்றுவழிகள் கைகொடுத்தன. ஒன்று, தாளத்தின் வேகத்தைக் குறைப்பது. மற்றது, அந்தப் பகுதியையே ஒதுக்கிவிட்டு, இரண்டு சாதாரண பின்களை மென்பொருளே ஏற்றி இறக்குவது. பிட்-பேங்கிங் என்பார்கள். கம்பி உண்மையிலேயே உயர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் லினக்ஸ் அடுத்த அடி வைக்கும். பிராசஸருக்குக் கூடுதல் வேலைதான். ஆனால் தகவல் சரியாக வந்து சேரும்.

டிவி காலத்தில் வகுத்த அந்தப் பொறுமையை, முப்பது ஆண்டுகள் கழித்து வந்த சிப் தவறவிட்டது. மென்பொருள் அதைக் கையாலேயே செய்துகாட்டியது.