அம்புலியை அழைத்தவர்கள்: தமிழ்த் திரைப்பாடலில் விண்வெளிப் பயணம்

தலைகீழாக எண்ணி ராக்கெட்டை ஏவும் வழக்கத்தை உலகுக்குக் காட்டியது ஒரு மௌனப்படம்: ஃபிரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மானியப் படம். நாற்பது ஆண்டு கழித்து, அப்போலோ 11 புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பு, டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’ இசைத்தட்டு வெளிவந்தது. பாடகரின் குரலுக்கு அடியிலேயே கவுன்ட்டவுன் ஓடும் அந்தப் பாட்டில் விண்வெளி வீரன் பூமியோடு தொடர்பறுந்து போகிறான். எல்டன் ஜானின் ‘ராக்கெட் மேன்’ (1972) மனைவியைப் பிரிந்து செல்பவனின் தனிமையைப் பாடுகிறது. ‘தி ஃபைனல் கவுன்ட்டவுன்’ (1986) பாடிய ஸ்வீடன் குழுவினர் பூமியையே விட்டு வெள்ளிக்கோளுக்குக் கிளம்புகிறார்கள். மேற்கத்திய ராக் இசையில் எண்ணி முடித்ததும் பிரிவு தொடங்கிவிடுகிறது.

தமிழ்ப் பாட்டில் வானம் வேறு திசையில் இயங்கியது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஏழாவது அம்புலிப் பருவம். பாட்டுடைக் குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைப்பதும், சாம, பேத, தான, தண்டம் என நான்கு வழியிலும் அதை இணங்கவைப்பதும் அப்பருவத்தின் மரபு. குமரகுருபரர் மீனாட்சிக்கும் முத்துக்குமாரசுவாமிக்கும் இதைப் பாடினார். போகிறவர் யாரும் இல்லை. நிலவுதான் இறங்கி வரவேண்டும். திரைப்பாடலாசிரியர்களுக்கு இந்த அழைப்பு கைவந்த மொழி. தமிழ்த் திரைப்பாடலின் விண்வெளி வரலாற்றை இந்த மரபோடு சேர்த்துப் படித்தால்தான் அது மேற்கின் பிந்திய நகலாகத் தோன்றாது என்பது என் கருத்து.

பழனி மலைத்தொடரின் அறிவியலும் மண்ணில் நின்று வானைப் பார்த்ததுதான். 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்புண்டா என்ற கேள்வி வலுத்தது. அந்தக் கேள்விதான் 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்தைக் கொண்டுவந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். கொடைக்கானல் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் 1950களில் அயனி மண்டலமும் அங்கு ஆராயப்பட்டது. இசை வரலாற்றுக்கும் இதில் இடமுண்டு: இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு கடல் தாண்டி வந்தது அந்த மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான். திரைப்பாட்டைத் தமிழகத்தின் வீடுகளுக்குக் கொண்டுவந்த வழி ஒன்றை இந்த மலையில் அளந்துகொண்டிருந்தார்கள்.

கேரளத்தின் தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்ததற்கும் அதே காந்த நடுக்கோடுதான் காரணம். அங்கிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது. தமிழ்த் திரை அதற்கு ஏழு மாதம் முந்திக்கொண்டது. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில், கே. வி. மகாதேவன் இசையில், 1963 ஏப்ரலில் ‘கலை அரசி’ வந்தது. அறிவியலில் முன்னேறியும் கலையில் வறண்டுபோன ஒரு கோளிலிருந்து நம்பியார் பூமிக்கு வருகிறார், தம் மக்களுக்குக் கலை கற்பிக்கப் பானுமதியைத் தூக்கிச் செல்கிறார், எம்.ஜி.ஆர். அங்கே போய்ச் சேர்கிறார். நாயகியாக நடித்தவரே தேர்ந்த பாடகி என்பதால் கதை நம்பும்படி நிற்கிறது. விண்கலம் வைத்திருப்பவனுக்குப் பாட்டு இல்லை, பாட்டு வைத்திருப்பவளைத் தேடி விண்கலம் இறங்குகிறது என்ற கற்பனை அம்புலிப் பருவத்தின் வழிவந்தது. இந்தப் படத்தை வெறும் விந்தையாகப் பட்டியலிட்டுக் கடந்துபோவது நியாயமில்லை. பதினான்கு ஆண்டு கழித்து, 1977இல், வாயேஜர் கலங்களில் கேசர்பாய் கேர்க்கரின் பாடலையும் சக் பெரியின் ராக் பாடலையும் நாசா உண்மையாகவே ஏற்றி அனுப்பியது.

1984இல் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா விண்ணிலிருந்து பேசியபோது, இந்தியா எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்குக் கவிஞர் இக்பாலின் பாட்டு வரியையே பதிலாகச் சொன்னார். மேலே போனவரும் தரையைத்தான் பாடினார். இரண்டு ஆண்டில் சுஜாதாவின் கதையில் ‘விக்ரம்’ வந்தது. கடத்தப்பட்ட ஏவுகணையைத் தேடும் கதை. கமல்ஹாசன் பாடிய அதன் தலைப்புப் பாட்டில் இளையராஜா மின்னணு ஒலிகளையும் இயந்திரத் தாளத்தையும் முன்னே நிறுத்தினார். ராக்கெட் யுகம் தமிழ்ப் பாட்டுக்குள் வந்தது சொல்லைக் காட்டிலும் ஒலியாகத்தான் என்று இதைக்கொண்டு துணிந்து சொல்லலாம். பின்னாளில் அத்தகைய பாடல்களைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுசென்ற அலைவரிசைகளில் ஒன்று கோடைப் பண்பலை 100.5. பண்பலை நேர்கோட்டில்தான் செல்லும். ஆகவே கொடைக்கானல் மலையின் உயரமே அதற்குப் பெரும் பலம்.

தமிழில் ஏவுதலும் எடையின்மையும் கொண்ட முழு விண்வெளிப் படம் 2018இல்தான் வந்தது: இசையமைப்பாளர் டி. இமானின் நூறாவது படமான ‘டிக் டிக் டிக்’. கவுன்ட்டவுனுக்கு இத்தனை பொருத்தமான கதை அமைந்தும், அதில் ரசிகர்கள் நெஞ்சோடு வைத்துக்கொண்டது சித் ஸ்ரீராம் பாடிய, தகப்பன் மகனைக் கொஞ்சும் பாட்டு. விண்வெளிப் படத்திலும் பிள்ளைத்தமிழின் குழந்தையே வென்றது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘அயலான்’ (2024) கலை அரசியின் வழியில், வேற்றுக்கோள்வாசியையே தரைக்கு இறக்கியது.

கிளம்புகிறவன் தன் குரலில் பாடும் வலுவான விண்வெளிப் பாட்டு தமிழில் இன்னும் வேர்விடவில்லை. 2024 பிப்ரவரியில் இந்தியாவின் மனித விண்வெளிப் பயணத் திட்டமான ககன்யானுக்கு அறிவிக்கப்பட்ட வீரர்கள் நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவருக்காக ஒரு பாட்டு எழுதப்படும்போது, அதைப் பாடுவது கலத்தில் இருப்பவரா, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவரா என்பதை எழுதுகிறவர் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும்.