பச்சைச் சுடர்

புதுப்பேட்டையில் நான் தொழில் பழகியபோது, கார் ஏசியில் கேஸ் கசிவதைக் காட்டிக்கொடுத்தது ஒரு விளக்குதான். அதன் ரப்பர் குழாயைக் கம்ப்ரஸர் சீல், ஹோஸ் முனை என்று ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துவோம். அப்போதைய ஏசி கேஸான ஆர்-12 கசிந்தால், குழாய் வழியே வந்து, காய்ந்து சிவந்த செப்புத் தகட்டில் பட்டு நீலச் சுடர் பச்சையாகும். அந்தப் புகை நஞ்சு. ஷெட் கதவைத் திறந்துவைக்கச் சொல்வார் உஸ்தாத்.

ஓசோனைக் காக்க 1987-இல் வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையால் ஆர்-12 விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ-வில், சுடரைப் பச்சையாக்கும் குளோரின் கிடையாது. விளக்கு அதைக் கண்டுகொள்ளாது. கம்ப்ரஸரில் இருந்த பழைய மினரல் ஆயிலும் அதனோடு கலக்காது. ஆயிலை மாற்றாமல் புது கேஸ் ஏற்றிய பழைய வண்டிகள், கம்ப்ரஸர் இறுகிப்போய்த் திரும்பி வந்தன.

கூலிங் குறைந்ததுமே “கேஸ் போடுங்க” என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. முதலில் கண்டென்ஸரைப் பாருங்கள்: கல் பட்டுக் கசிந்த இடத்தில் எண்ணெயோடு தூசி அப்பியிருக்கும். அங்கே சோப்பு நுரை தடவினால் போதும், குமிழி விடும்.