முதலில் பணம் கட்டுபவர் யார்? ஹேவாஹெட்டத் தோட்டங்களை முன்வைத்து வைத்தியச் செலவு பற்றிய ஓர் ஆய்வு

இலங்கையின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தது. வேலையாள் நோயில் விழுந்தால் இருக்க இடமும் உணவும் மருந்தும் எசமான் செலவில் கிடைக்க வேண்டும் என்றது. நோயில் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்றும் சொன்னது. மலையகத்து ஹேவாஹெட்ட அன்று கோப்பி நாடு. ஜேம்ஸ் டெய்லர் அருகிலுள்ள லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நடுவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. சட்டத்தின் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வாசித்தால்தான் பின்னால் வந்த காப்புறுதித் திட்டங்களின் குணம் புரியும். மருந்து இலவசம், வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் (நாள் வேலைக் கணக்கு) விழாது, பேர் விழாத நாளின் அரிசிக்கடன் கங்காணியின் கணக்கில் ஏறும்.

மருத்துவக் காப்புறுதியில் கொடுப்பனவு இரண்டு வழிகளில் நடக்கிறது. காப்புறுதி நிறுவனம் ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கொடுப்பது ஒன்று. நோயாளி கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டுகளோடு போய் மீளளிப்புப் பெறுவது மற்றது. ஜெர்மனியின் 1883ஆம் ஆண்டு நோய்க் காப்புறுதிச் சட்டம் முதல் வழியை ஒட்டி வளர்ந்தது. பிரான்ஸ் 1930 முதல் இரண்டாம் வழியைத் தன் அடிப்படையாக்கிக்கொண்டது. மலையகத்தில் இந்த வரலாறு காப்புறுதி நிறுவனங்களோடு தொடங்கவில்லை. மீளளிப்பு இங்கே தோட்ட நிர்வாகத்துக்காக உருவான முறை. தொழிலாளியின் தலையில் அது வந்து விழுந்தது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு. இக்கட்டுரை அந்த இடமாற்றத்தைப் பின்தொடர்கிறது.

ஆளுநர் வில்லியம் கிரெகரி பதவியேற்ற 1872ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. வேலைக்கு ஆகாத நோயாளிகளைத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிடுவதும், அவர்கள் கண்டி, கம்பளைச் சாலைகளில் விழுந்து கிடப்பதும் அரசாங்கத்தால் மறைக்க முடியாத காட்சிகளாகியிருந்தன. தோட்டத்துரைமாரைக் கொண்ட மாவட்டக் குழுக்கள் நிலப்பரப்பின் அடிப்படையில் வரி திரட்டி வைத்தியம் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. துரைமார் தாமே தம்மீது வரி போட்டுக்கொள்வார்கள் என்று நம்பிய சட்டம் எவ்வளவு தூரம் போகும்? 1880களின் தொடக்கத்தில் அரசாங்கம் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்தது. ஏக்கர் வரியின் இடத்துக்கு ஏற்றுமதித் தீர்வை வந்தது. கோப்பியும் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்தைக் கடக்கும்போதே தொழிலாளியின் வைத்தியத்துக்கான பணம் கழிக்கப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால் அதுதான் காப்புறுதிக் கட்டணம்.

மீளளிப்பு நுழைந்த ஆண்டு 1912. அவ்வாண்டின் 9ஆம், 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டங்கள் தோட்ட வைத்தியத்தை மீண்டும் ஒழுங்குபடுத்தின. தகுதி பெற்ற டிஸ்பென்சரை வைத்து, தன் செலவில் ஆஸ்பத்திரியோ டிஸ்பென்சரியோ நடத்தும் தோட்டத்துக்குத் தீர்வையில் ஒரு பகுதி கழிவாகத் திரும்பி வரும். தோட்டம் முதலில் செலவழிக்கும், கணக்குக் காட்டும், அரசாங்க மருத்துவ அதிகாரி பார்வையிடுவார், அதன் பிறகே பணம். மீளளிப்பின் உறுப்புகளான முற்செலவு, சான்று, பரிசோதனை, காத்திருப்பு ஆகிய நான்கும் அதில் இருந்தன. ஆனால் காத்திருந்தது முதலாளி. லயத்து மனிதர் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்கு நடந்து போனார். அவர் எந்தக் காகிதத்தையும் பத்திரப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இதைப் பொற்காலம் என்று படித்துவிடக் கூடாது. யார் நோயாளி, யார் வேலைக்குக் கள்ளம் செய்கிறவர் என்று முடிவு செய்ததும் அதே நிர்வாகம்தான். மருந்துக்காரய்யா எனப்பட்ட டிஸ்பென்சரின் ஒரு சொல்லில் அரைப்பேர் முழுப்பேராகும் அல்லது இல்லாமலே போகும். வயிற்றுக்கடுப்பு மட்டும் ஆள்பார்க்கவில்லை: டெய்லரே 1892இல் லூல்கந்துரவில் அதற்குத்தான் பலியானார்.

பணமா, பொருளா என்ற தேர்வு மிகத் தெளிவாகத் தெரிவது 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில். தொழிலாளிப் பெண்ணுக்குப் பிரசவகாலத்தில் கையில் பணம் கொடுக்கலாம். அல்லது தோட்டம் பிரசவ அறை, மருத்துவச்சி, உணவு ஆகியவற்றைத் தந்து, பணத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; இதற்குச் சட்டத்தில் ‘மாற்று நன்மை’ என்று பெயர். சேவையாகப் பெறுவதற்கு ஒரு விலை உண்டென்றும், அது அவளுடைய ரொக்கத்திலிருந்து கழியுமென்றும் எழுத்தில் வந்தது இங்கேதான் என்பது என் கணிப்பு.

சுதந்திரத்துக்குப் பின் நாடு இலவச வைத்தியத்தை நோக்கி நடந்தது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீங்கியது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கினார்கள். 1977இல் அதுவும் போனது. தோட்டங்களோ நெடுங்காலம் இதற்கு வெளியே, நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தன. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனபோது, டிஸ்பென்சரிகள் யாருக்கும் வேண்டாத சொத்தாக நின்றன. 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய அரச கையேற்பு துண்டு துண்டாகவே நடந்தது. ஹேவாஹெட்டவில் கடும் நோய் என்றால் ரிக்கில்லகஸ்கட, தெல்தோட்டை, கண்டி என்று பேருந்து ஏறுவதே இன்றும் வழி.

தொழிலாளி பற்றுச்சீட்டு சேர்க்கத் தொடங்கிய புள்ளி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய ஊழியர் நம்பிக்கை நிதியம். தொழில் வழங்குநர் சம்பளத்தின் 3 சதவீதத்தைக் கட்டுவார். இதய அறுவை சிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு ஒரு எல்லைவரை நிதியம் உதவும். கொழுந்து பறித்துக் கண் மங்கிய பெண்ணுக்குக் கண்வில்லை பெரிய விடயம். ஆனால் 1912இன் வரிசை இங்கே தலைகீழாகிவிட்டது: தொழிலாளி முதலில் கட்ட வேண்டும், தோட்டக் கந்தோர் படிவத்தில் கையொப்பமிட வேண்டும், நிதியம் பிறகு கொடுக்கும். இடையில் இன்னொரு கண்ணி உண்டு. அரசிடமே எஞ்சிய ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி நிலுவைகள் பாராளுமன்றம்வரை பேசப்பட்டவை. சம்பளச்சீட்டில் உறுப்பினர், நிதியத்தின் ஏட்டில் நிலுவை என்ற நிலையில் மீளளிப்பு என்பது தொழிலாளி இரண்டு தரப்புக்குக் கொடுக்கும் கடன்.

அரச ஊழியருக்கான அக்ரஹார திட்டம் 1997இல் வந்தது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. லயத்துப் பிள்ளைகள் பலர் ஆசிரியரானதால் இது மலையகக் குடும்பங்களுக்குள்ளும் வந்தது. அடிப்படைத் திட்டத்தில் மணமாகாத ஊழியரின் பெற்றோருக்கும் இடமுண்டு. மணம் முடிந்தால் துணைவரும் பிள்ளைகளும் அந்த இடத்துக்கு வருவார்கள். டீச்சரான மகளின் கலியாணத்தோடு தாயின் காப்புறுதி முடிகிறது என்பதைத் திருமணப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. இதிலும் கட்டிவிட்டுக் கோருவதே பழகிய வழி. 2017இல் தொடங்கிய மாணவர்களுக்கான சுரக்ஷா, ஆஸ்பத்திரியில் தங்கும் சிகிச்சைக்கு 2 இலட்சம் ரூபாவரை காப்பளித்தது.

கடலுக்கு அக்கரையில் வேறு பாதை. தமிழ்நாட்டில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் நோயாளி பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் முறையில் அமைந்தன. அங்கே காத்திருப்பது ஆஸ்பத்திரி. அத்திட்டங்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இலங்கை நோயாளி பெரும்பாலும் அரச ஆஸ்பத்திரியில்தான் படுக்கிறார், அங்கே நேரடியாகத் தீர்க்க வேண்டிய பில்லே இல்லை. அதனால்தான் நம் நாட்டுக் கம்பனிகள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு ரூபா என்ற திட்டங்களை விற்கின்றன. இழந்த நாட்சம்பளத்தை ஈடுசெய்யும் அக்காப்புறுதி, 1865இன் சட்டம் பறித்துக்கொண்ட பகுதிக்குத்தான் விலை வைத்திருக்கிறது.

இலவசத்தின் ஓட்டையும் 2022இல் கண்டி மக்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமற்ற அறுவை சிகிச்சைகளை நிறுத்திவைத்தது. மருந்தை வெளியே வாங்கி வாருங்கள், ஸ்கேனை வெளியே எடுத்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்த துண்டுகள் நாடெங்கும் பெருகின. மருந்தகத்தில் காட்டியதும் குப்பைக்குப் போகும் இத்துண்டுகளுக்கு எந்த நிதியத்திலும் எளிதில் இடம் கிடைப்பதில்லை.

நேரடிக் கொடுப்பனவுக்கு மிக அருகில் இருப்பது 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம். சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். அனுமதித்த தொகை ஆஸ்பத்திரிக்குப் போகும். முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். ஹேவாஹெட்ட நகரத்தார் நுவரெலியா மாவட்டத்து ஹங்குரன்கெத்த செயலகத்துக்குப் போக வேண்டும். கண்டி மாவட்ட எல்லைக்குள் வரும் லயங்களுக்கு வேறு செயலகம். விண்ணப்பத்தோடு ஆஸ்பத்திரியின் விலைமதிப்பீடு வேண்டும். அந்த மதிப்பீடு எழுதப்படும் கட்டத்துக்கு வருவதற்குள் பரிசோதனைகளுக்கும் கண்டிப் பயணங்களுக்கும் நகை அடகுக்கடைக்குப் போய்விட்டிருக்கும். அந்த அடகை மீட்கும் கணக்கு விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பத்தியிலும் இல்லை.