137 ஜிபியில் நின்ற மதகு

3 டிபி ஹார்ட் டிஸ்க்கை பழைய எக்ஸ்பி மெஷின்ல மாட்டினா, சில சமயம் 746 ஜிபின்னு காட்டும். மீதி எங்க போச்சு? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஸ்டூடியோவுலயும் ரைஸ் மில்லுலயும் இப்படிப்பட்ட மெஷின்களை நான் பார்த்திருக்கேன். ஊர்க் கல்யாண போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். அதனால இந்தக் கேள்வி சின்னது இல்ல.

டிஸ்க்ல ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு விலாசம் உண்டு. ஐபிஎம் பிசி காலத்து பயாஸ், சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டாருக்கு 6 பிட் ஒதுக்கியிருந்தது. டிஸ்க் பக்கம் இருந்த ஏடிஏ இணைப்போ, ஹெட்டுக்கு 4 பிட்தான் கொடுத்தது. ஒரே வாய்க்கால்ல ரெண்டு மதகு இருந்தா, சின்ன மதகு விடுற தண்ணிதானே வயலுக்கு வரும்? இங்கயும் அதே கதை. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், ஒவ்வொன்னும் 512 பைட். பெருக்கினா 528 எம்பி. அதுக்கு மேல பழைய பயாஸுக்குக் கண் தெரியாது.

1990-கள்ல பயாஸ் ஹெட் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லி 8.4 ஜிபி வரைக்கும் சமாளிச்சாங்க. அப்புறம் எல்பிஏ வந்தது: செக்டார்களுக்கு வரிசையா நம்பர் போடுற முறை. நடுவுல சில பயாஸ் 33.8 ஜிபியைத் தாண்டினாலே அப்படியே நின்னுடும். அதுக்காக டிஸ்க் கம்பெனிகள் ஒரு ஜம்பர் வெச்சாங்க. அதைப் போட்டா பெரிய டிஸ்க்கும் ‘நான் 32 ஜிபிதான்’னு சொல்லும்.

எல்பிஏ நம்பருக்கு 28 பிட். அதோட எல்லை 137 ஜிபி. 2001-ல மாக்ஸ்டர் 160 ஜிபி டிஸ்க்கை இறக்கினப்போ அந்த எல்லை உடைஞ்சது. ஆபத்தும் இங்கதான். 28 பிட் மட்டும் தெரிஞ்ச டிரைவர், எல்லையைத் தாண்டின நம்பரோட முன்பகுதியை வெட்டிட்டா, அது திரும்ப பூஜ்யத்துல இருந்து எண்ணும். கடைசியில எழுதவேண்டியது டிஸ்க்கோட தலையில விழும். பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறதே அங்கதான். மாசக்கணக்கா நல்லா ஓடின டிஸ்க், நிரம்ப ஆரம்பிக்கிற அன்னைக்குத்தான் சாகும்.

தீர்வு எப்படி வந்துச்சுன்னு பார்த்தா நம்ம டெல்டா ஞாபகம் வருது. 1934-ல மேட்டூர் அணை முடிஞ்சது. 93.47 டிஎம்சி தேக்கலாம். ஆனா பழைய ஆறுகள் வழியா ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் தண்ணி ஏறாது. அதனால கல்லணையில இருந்து தனியா ஒரு கால்வாய் வெட்டினாங்க. தஞ்சாவூர் ஊருக்குள்ளயே ஓடுதே, நாம ‘புது ஆறு’ன்னு சொல்றோமே, அதுதான். காவிரியும் வெண்ணாறும் பழையபடியே ஓடுச்சு. 48 பிட் எல்பிஏவும் அப்படித்தான்: பழைய கட்டளைகளைத் தொடாம, பக்கத்துல புதுக் கட்டளைகள். எக்ஸ்பிக்கு அது 2002-ல சர்வீஸ் பேக் 1-ஓட வந்தது.

இப்ப அந்த 746-க்கு வருவோம். எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில செக்டார் நம்பருக்கு 32 பிட், அதாவது 2.2 டிபி. பழைய டிரைவர் அதையும் தாண்டி எண்ணத் தெரியாம சுத்தி வந்தா, 3-ல 2.2 போக 0.8 டிபி. விண்டோஸ் கணக்குல அது 746 ஜிபி.

அதனால பழைய மெஷின்ல பெரிய டிஸ்க் மாட்டினா, முழு அளவு காட்டுதான்னு மட்டும் பார்க்காதீங்க. காலி டிஸ்க்கா இருக்கும்போதே எல்லையைத் தாண்டி நிரப்புங்க, முதல்ல போட்ட ஃபைலைத் திறந்து பாருங்க. அது வரைக்கும் பழைய டிஸ்க்கை அழிக்காதீங்க. மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னு கேட்டதுமே கடைமடை விவசாயி நாத்து பறிக்க மாட்டார். தன் வாய்க்கால்ல வந்துச்சான்னு பார்த்துட்டுத்தான் இறங்குவார்.